தையல் வெளிப்பக்கம்

பிப்ரவரி 4

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். நீ நன்றாக இருப்பாய், உன் வீட்டுக்காரி உன்னைவிட நன்றாக இருப்பாள், அவள் வயிற்றிலிருக்கும் குட்டி உங்கள் இருவரையும் உதைத்துக்கொண்டு எல்லோரையும்விட நன்றாக இருக்கும். அப்படியே இருக்கட்டும்.

இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை என்று கோபித்துக்கொள்ளாதே. கம்பெனியில் மராமத்து நடக்கிறது. எங்களுக்கெல்லாம் விடுப்பு. வேலை இல்லாமல் வீட்டிலிருப்பவளுக்குத்தான் ஒன்றுக்கும் நேரம் கிடைப்பதில்லை. எழுத்து கோணல்மாணலாக இருப்பதைப் பார்த்துச் சிரிக்காதே. மேசைக் கால் ஆடுகிறது.

இப்போதெல்லாம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறேன். தெரிந்தவர் ஒருவருக்குத் தீக்காயப் பிரிவில் வைத்தியம். நீளமான நடையின் கடைசியில் இருக்கிறது அந்த வார்டு. பச்சைத் திரை, மெழுகும் மருந்தும் கலந்த ஒரு வாடை, சத்தம் போட்டுக்கொண்டே சுற்றும் மின்விசிறி. அங்கே உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பிசியோ ஒருவர் இருக்கிறார். ஒவ்வொரு வாசலிலும் தலையைக் குனிந்துதான் நுழைவார். வார்டு முழுக்க அவருக்கு நெட்டை என்றுதான் பெயர். அவர் முன்னாலேயே அப்படித்தான் சொல்கிறார்கள்.

அவர் மேசைமேல் ஒரு நன்கொடைப் பெட்டி. எதற்கு என்று கேட்டேன். தீக்காயம் ஆறுவது பாதிதானாம். ஆறின பிறகுதான் தழும்பு தடித்து, கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு, கையையோ கழுத்தையோ தன் பக்கம் இழுக்குமாம். அதை அமுக்கி வைக்க உடம்போடு ஒட்டின இறுக்கமான உடுப்பை ராப்பகலாக, மாதக்கணக்கில் போட்டிருக்க வேண்டும். அது வெளிநாட்டிலிருந்து வருகிறது. முக்கால்வாசிப் பேர் அது இல்லாமலே வீட்டுக்குப் போகிறார்கள். இங்கே ஒரு சின்னப் பெண் இருக்கிறாள், எட்டு வயதிருக்கும். எப்போதும் கீழே பார்த்துக்கொண்டு எதையோ கொத்துவது போல இருப்பதால் குருவி என்கிறார்கள். போன வருடம் அடுப்பு வெடித்தது. ஒருமுறை ஆபரேஷன் செய்து கழுத்தை விடுவித்தார்கள். தழும்பு மறுபடி மோவாயை நெஞ்சோடு கட்டி இழுக்கிறது.

பெட்டியில் போட என்னிடம் ஒன்றும் இல்லை. மாதிரிக்கு என்று நெட்டை காட்டிய உடுப்பைக் கையில் வாங்கினேன். நீளவாக்கில் இழுத்தேன், அகலவாக்கில் இழுத்தேன், உள்பக்கம் திருப்பினேன். வலைபோல நெய்த எலாஸ்டிக் துணி. இத்தனை வருடமாக என் மேசையில் கிடக்கிற துணி.

"இதை நான் செய்யலாம் சார்" என்றேன்.

"நீங்க என்ன வேலை பாக்குறீங்கம்மா?"

"கட்டிங் மாஸ்டர்."

"சட்டையா?"

"பாடி, ஜட்டி."

அவர் முகம் சிவந்ததைப் பார்க்க வேண்டுமே! சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் 'ரெடிமேட் கம்பெனி' என்று மழுப்பி வந்தவள் நான். அன்றைக்கு வார்டே கேட்கும்படி சொல்லிவிட்டேன். ஒன்றும் இடிந்து விழவில்லை.

உன் வீட்டுக்காரியை மாடிப்படி ஏற விடாதே.

உன் அக்கா


பிப்ரவரி 22

அன்பு அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே மூவரும் நலம். மூன்றாவது ஆள் உதைப்பதை வைத்துச் சொல்கிறேன். படுத்தே இருக்க வேண்டும் என்று சொன்ன டாக்டர், இனிமேல் எழுந்து நடக்கலாம் என்று போன வாரம்தான் அனுமதி கொடுத்தார். நடக்கிறேன் என்று வீட்டை நாலு தரம் கூட்டிப் பெருக்கிவிட்டாள். முன்னே ஒன்று தங்காமல் போனதிலிருந்து எனக்குத்தான் ஒவ்வொரு தும்மலுக்கும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

உன் கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். "உங்க அக்கா ரயில்ல உக்காந்து எழுதினாங்களா?" என்றாள். மேசைக் காலுக்கு அடியில் ஒரு அட்டையை மடித்து வை. அப்புறம், நீ 'ரெடிமேட்' என்று மழுப்பியது பற்றி ஒரு சேதி. என் மாமியாருக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே தெரியும். உங்கள் கம்பெனிச் சரக்கைத்தான் அவர் போடுகிறாராம். தையல் பிரியவே பிரியாதாம். உன்னிடம் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். இதை நான் எப்படிக் கேட்டுக்கொண்டு நின்றேன் என்று கேட்காதே.

எனக்கு இரண்டு சந்தேகம். இரண்டு மாதம் மூடிவைத்துச் செய்கிற அளவுக்கு அங்கே என்ன மராமத்து? ஆஸ்பத்திரியில் இருக்கிற அந்தத் தெரிந்தவர் யார்? எனக்கும் தெரிந்தவரா?

நானும் ஏதாவது அனுப்பலாம் என்று பார்த்தேன். பட்டறை மந்தம். வெயில் ஏறினால்தான் எரிந்த மின்விசிறியும் தண்ணீர் மோட்டாரும் வரும், செம்புக் கம்பிச் சுருளை, அதான் காயிலை, புதிதாகக் கட்டிக் கொடுக்கலாம். தையல் இயந்திரத்தின் மோட்டார் ஏதாவது மக்கர் செய்தால் எழுது. அதற்குக் காசு வேண்டாம், செம்புக் கம்பியும் என் கையும் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புத் தம்பி


மார்ச் 13

அன்புத் தம்பிக்கு,

இங்கே நலம். அங்கே கூட்டிப் பெருக்குகிறவளின் கையிலிருந்து விளக்குமாற்றைப் பிடுங்கு.

உன் மாமியார் சேதியைப் படித்துவிட்டு உட்கார்ந்து சிரித்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு சத்தம் போட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

வேலை தொடங்கிவிட்டோம். தொடங்கினோம் என்றால் தோற்றோம் என்று அர்த்தம். எங்கள் கம்பெனியில் துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் இயந்திரம் ஓட்டுகிற வாயாடியை உனக்குத் தெரியும், எதிர்வீட்டுக்காரி. பேச்சை நிறுத்தினால் அவளுக்கு ஊசி ஓடாது. நான் துணியில் கோடு போடுகிறேன், அவள் வெட்டித் தன் வீட்டுத் தையல் இயந்திரத்தில் தைக்கிறாள். வெட்டுகிறதும் அவளே செய்யட்டும் என்று விட்டுவிட்டேன், பழகட்டுமே. துணி முதலாளி கொடுத்தது. கிடங்கில் கிடந்த முழ நீளத் துண்டுகளைக் காட்டி, "எடுத்துட்டுப் போம்மா, வேண்டியத எடுத்துக்க" என்றார். அவர் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

முதலில் ஒரு கையுறை, முழங்கைக்கு மேல்வரை. போட்டுக் கொஞ்ச நேரத்தில் விரல் எல்லாம் நீலம் பாரித்துவிட்டது. நெட்டை ஓடி வந்து கத்தரியால் கிழித்தெடுத்தார். "நகத்த அமுக்கிப் பாருங்க. வெளுத்துட்டு உடனே சிவக்கணும். சிவக்கலேன்னா ரத்தம் போகல" என்று சொல்லிக்கொடுத்தார். கையின் சொந்தக்காரி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது தொளதொள. மூன்றாவது முழங்கையில் சுருக்கம் விழுந்தது.

பிறகுதான் என் மண்டையில் ஏறியது. நாங்கள் கம்பெனியில் தைப்பது தாங்கிப் பிடிப்பதற்கு. இது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அமுக்குவதற்கு. சின்ன, நடுத்தர, பெரிய என்று மூன்று அளவில் உலகத்தை அடக்கிவிடுகிற வேலை இல்லை இது. மணிக்கட்டிலிருந்து தோள்வரை இரண்டு விரல்கடைக்கு ஒரு அளவு எடுக்க வேண்டும். ஒவ்வொரு அளவிலும் கொஞ்சம் குறைத்து வெட்ட வேண்டும். எவ்வளவு குறைப்பது என்று நெட்டை சொல்கிறார், துணி எவ்வளவு கொடுக்கும் என்று நான் சொல்கிறேன். இன்னொன்று, தையல் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். புதுத்தோலில் ஒரு நூல் உரசினாலும் புண்ணாகிவிடும். இத்தனை காலம் தையலை உள்ளே ஒளித்து ஒளித்தே பழகினவளுக்கு, அதை ஊர் பார்க்க வெளியே விடக் கை வரவில்லை. இப்போது வருகிறது. நாலாவது கையுறை பொருந்திவிட்டது.

முதலாளி பழைய ஓவர்லாக் இயந்திரங்களையும் கொடுத்துவிட்டார். ஒன்றும் ஓடவில்லை. மழைத்தண்ணீர் புகுந்துவிட்டது. ஒரு மோட்டாரை லாரி சர்வீசில் அனுப்புகிறேன். பார்த்து எழுது. நீ வர வேண்டாம். அவளைத் தனியே விட்டு ஒரு நாளும் வெளியூர் கிளம்பாதே.

அக்கா


ஏப்ரல் 3

அக்காவுக்கு,

மோட்டார் வந்தது. பிரித்துப் பார்த்தேன். காயில் மாற்ற வேண்டும், மாற்றிவிடலாம். மற்றவற்றை அனுப்பாதே, அப்படியே வைத்திரு.

நீ நன்றாக இருக்கிறாயா? இந்த ஒரு கேள்விக்கு மட்டும் ஒழுங்காகப் பதில் எழுது.

தம்பி


ஏப்ரல் 16

அன்புத் தம்பிக்கு,

நன்றாகத்தான் இருக்கிறேன். இதென்ன கேள்வி? இரண்டு வேளையும் சாப்பிடுகிறேன், காலையில் நடக்கிறேன், வாயாடி பேசுவதைக் கேட்டுக்கொண்டும் உயிரோடு இருக்கிறேன். நீங்கள் சுகம்தானே?

குருவியைப் பற்றிக் கேள். கழுத்துப் பட்டையும் நெஞ்சுத் துணியும் சேர்ந்தாற்போல ஒன்று தைத்தோம். அளவு கச்சிதம். ஆனால் போட்ட கால்மணியில் பிய்த்து எறிந்துவிட்டாள். அரிக்கிறதாம், மூச்சு முட்டுகிறதாம், அசிங்கமாக இருக்கிறதாம். அவள் அம்மா கெஞ்சினாள், அதட்டினாள், கடைசியில் சுவரைப் பார்த்து அழுதாள். நெட்டை படம் வரைந்து விளக்கினார். குருவி கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அப்போதுதான் அவள் முகம் எனக்குத் தெரியும், அவளுக்கும் என் முகம் தெரியும். "கடைக்கு வர்றவங்ககிட்ட என்ன வேணும்னு கேட்டுத்தான் துணி தைப்போம். உன்கிட்ட யாரும் கேக்கல, அது எங்க தப்பு. உனக்கு எப்படி வேணும்?" என்று கேட்டேன்.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "பாக்கெட்" என்றாள்.

"பாக்கெட்டா?"

"அண்ணன் சட்டைல இருக்கு. என் துணி எதுலயும் இல்ல."

இந்தத் துணியில் பாக்கெட் வைத்தால் அந்த இடத்தில் இழுவை மாறிவிடும். வாயாடி முடியாது என்றாள். ஓரத்தை மட்டும் பிடித்து, அடித்துணியை விட்டுத் தொங்குகிற மாதிரி ஒன்று வைத்தோம், வாழைப்பூ நிறத்தில். இப்போது கழற்ற மாட்டேன் என்கிறாள். பாக்கெட்டில் என்னென்ன இருக்கிறது தெரியுமா? சாக்பீஸ், மாத்திரை அட்டை, நெட்டையின் பேனா மூடி. துவைக்க வாங்குவதற்குள் வார்டே ஒரு கூத்தைப் பார்க்கிறது.

சந்தோஷம் இவ்வளவுதான். பெரிய டாக்டர் நேற்று சுற்றி வந்தார். "இத யார் தச்சது?" என்றார். சொன்னேன். கோபப்படவில்லை. உட்கார வைத்துப் பேசினார். "நல்ல மனசு மட்டும் போதாதும்மா. கழுத்து இது. கொஞ்சம் ஏறினா மூச்சு, கொஞ்சம் குறைஞ்சா பிரயோஜனமே இல்ல. அடுத்த மாசம் நடுவுல இவளுக்கு ரெண்டாவது ஆபரேஷன் போட்டிருக்கேன். அதுக்கு முந்தி தழும்பப் பாப்பேன். இறுகியிருந்தா கத்தி வைப்பேன், உங்க தையலையும் நிறுத்திடுவேன்" என்றார்.

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதனால்தான் பயமாக இருக்கிறது.

அக்கா


மே 9

அன்பு அக்காவுக்கு,

ஊர் வந்து சேர்ந்தேன். வீட்டில் நலம். அவள் அம்மா துணைக்கு இருந்ததால் ஒரு குறையும் இல்லை. உன் பக்கத்தில் இருந்த நாளெல்லாம் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

மழைத்தண்ணீர் புகுந்த மோட்டார் எத்தனையோ பார்த்திருக்கிறேன். உள்ளே துரு இருக்கும், பச்சை பூத்திருக்கும். காயில் எரிந்து வந்தால் உள்ளே கருகி வெளியே சும்மா இருக்கும். நீ அனுப்பியது வெளியே பெயிண்ட் கொப்பளித்து, உள்ளே போகப் போகக் கருகல் குறைந்திருந்தது. மோட்டார் எரியவில்லை அக்கா, அது எரிகிற அறைக்குள் இருந்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் தண்ணீர், தீயை அணைக்க அடித்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு உன் கடிதங்களை மறுபடி படித்தேன். கோணல் எழுத்து. கையின் சொந்தக்காரி பல்லைக் கடித்தாள். வெட்டுகிற வேலையை நீ இன்னொருத்திக்கு விட்டுக்கொடுத்தாய். கத்தரியை யாரையும் தொட விடாதவள் நீ. என் வீட்டுக்காரி முகத்தைப் பார்த்ததுமே, "கிளம்புங்க" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை.

அந்த நீள நடையில் வந்து, பச்சைத் திரைக்கு இந்தப் பக்கம் நின்றேன். நீ மேசையில் குனிந்து கோடு போட்டுக்கொண்டிருந்தாய். சாக்பீஸ் இடது கையில். வலது கை தோள்வரை உடுப்புக்குள் இருந்தது, தையல் வெளிப்பக்கமாக. நீ நிமிர்ந்து பார்த்தாய். "அவள தனியா விட்டுட்டா வந்தே?" என்றாய். இத்தனைக்கும் நடுவில் அதுதான் உன் முதல் கேள்வி.

என்னால் திட்ட முடியவில்லை. "ஸ்க்ரூ டிரைவர் இருக்கா?" என்று கேட்டேன். அந்த வாரம் முழுக்க வார்டு மூலையில் மோட்டார்களோடுதான் உட்கார்ந்திருந்தேன். நடந்ததையெல்லாம் வாயாடிதான் சொன்னார். நீராவி இஸ்திரியின் கேஸ் குழாய் வெடித்தது, துணி பற்றிக்கொண்டது, அவர் டீ குடிக்க வெளியே போயிருந்தது, நீ மட்டும் உள்ளே. அழாமல் பேசத் தெரிந்தவர் என்று நினைத்தேன், அன்றைக்கு அழுதார்.

அக்கா, எனக்குக் கல்யாணமாகி, தலையில் நரை வந்து, நாலு பேருக்குக் கூலி கொடுக்கிற பட்டறை நடத்துகிறேன். உன் கணக்கில் நான் இன்னும் காய்ச்சலில் படுத்த பிள்ளை. நல்லது மட்டும்தான் என் காதில் விழ வேண்டும். இனிமேல் அப்படி வேண்டாம்.

கோபம் தீர்ந்தது. இப்போது பெருமை. முதல் இயந்திரத்துக்கு நான் கரண்ட் கொடுத்ததும் அது உறுமிக்கொண்டு ஓடியதே, வாயாடி கை தட்டினாரே, கட்டிலில் இருந்தவர்கள் கட்டுப்போட்ட கையோடு தட்ட முடியாமல் காலால் தரையைத் தட்டினார்களே! எத்தனையோ மோட்டார் கட்டியிருக்கிறேன். எனக்கு யாரும் கை தட்டினதில்லை.

குருவியின் சோதனை என்ன ஆயிற்று? உடனே எழுது.

அன்புத் தம்பி


மே 21

அன்புத் தம்பிக்கு,

நான் நலம் என்று இந்த முறை கூசாமல் எழுதுகிறேன். கை இன்னும் முழுக்க நீளவில்லை, விரல் மடங்குகிறது, இரவில் அரிப்பு உண்டு. பார், எல்லாம் சொல்லிவிட்டேன். நீங்களும் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

மறைத்தது உண்மைதான். அவள் படுக்கையை விட்டு எழக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்த சமயம் அது. அது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. நீ வந்து கட்டிலருகே உட்கார்ந்து என் கையைப் பார்த்திருந்தால், நானும் அதையே பார்த்துக்கொண்டு கிடந்திருப்பேன். 'தெரிந்தவர் ஒருவர்' என்று எழுதினேனே, அந்த ஆளைப் பற்றி எனக்கே யோசிக்கப் பிடிக்கவில்லை. நெட்டை அன்றைக்கு அந்த உடுப்பைக் காட்டியது எனக்காகத்தான். இனி இந்தக் கை எதற்கும் ஆகாது என்று நான் முடிவு கட்டியிருந்த வாரம். துணியைத் தொட்டதும் கை போனாலும் வேலை போகவில்லை என்று தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தேன்.

போதும். இப்போது குருவி.

பெரிய டாக்டர் வந்தார். பின்னால் நாலு சின்ன டாக்டர்கள். குருவியின் அம்மா என் இடது கையைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்துவிட்டது. உடுப்பைக் கழற்றினார்கள். டாக்டர் கழுத்துத் தழும்பை விரலால் நீவினார், கிள்ளிப் பார்த்தார், வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். வாயாடிகூடப் பேசவில்லை என்றால் பார்த்துக்கொள்.

"எங்க, மேல பாரு பாப்போம்" என்றார்.

குருவி மெதுவாக நிமிர்ந்தாள். மோவாய் நெஞ்சை விட்டு எழுந்தது. இன்னும் எழுந்தது. எதிரே நெட்டை நின்றுகொண்டிருந்தார். அவர் சட்டைப் பொத்தான் பொத்தானாகப் பார்வை ஏறி, கழுத்துக்குப் போய், மோவாய்க்குப் போய், அண்ணாந்து நேராக அவர் முகத்தைப் பார்த்தாள். இத்தனை மாதமாக அவள் பார்த்ததெல்லாம் அந்த மனிதரின் செருப்பும் பெல்ட்டும்தான்.

"சார்" என்றாள். "உங்க மூக்குக்குள்ள முடி இருக்கு."

பெரிய டாக்டர்தான் முதலில் சிரித்தார். பிறகு சின்ன டாக்டர்கள், நர்சுகள், கட்டில்கள் எல்லாம். நெட்டை மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார், தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. குருவியின் அம்மா மட்டும் சிரிக்காமல், மகள் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆபரேஷன் இல்லை. டாக்டர் போர்டில் எழுதியிருந்ததைத் தன் கையாலேயே அழித்தார். "தழும்பு இளகியிருக்கு. உடுப்பும் பயிற்சியும் சேர்ந்து செஞ்ச வேலை. ரெண்டையும் நிறுத்தாதீங்க" என்றார். போகும்போது என்னிடம் நின்றார். "இந்த வார்டுல மொத்தப் பேருக்கும் அளவு எடுங்கம்மா. எங்க வச்சுத் தைப்பீங்க? படுக்கைவிரிப்பு வைக்கிற ரூம் ஒண்ணு பூட்டிக் கிடக்கு. சாவி தரச் சொல்றேன்."

வாயாடி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "ஜன்னல் இருக்கா சார்?" என்றாள்.

உன் மோட்டார் எல்லாம் அலுங்காமல் ஓடுகிறது. மாதம் நெருங்குகிறது, அவளை எதற்கும் அலைய விடாதே.

அக்கா


ஜூன் 7

அக்கா!

பெண். நேற்றுக் காலை. தாயும் சேயும் நலம், தகப்பன்தான் ஒரு நாற்காலியைத் தட்டிவிட்டு விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டான். பாப்பாவுக்கு உன் நெற்றி. குரல் யாருடையது என்று தெரியவில்லை, எங்கள் இரண்டு குடும்பத்திலும் இத்தனை சத்தம் கிடையாது.

உன் கடிதத்தைப் பிரசவ வார்டில் உட்கார்ந்து சத்தமாக வாசித்தேன். மூக்குமுடி வந்த இடத்தில் பக்கத்துக் கட்டில்காரி, "ஐயோ, சிரிக்க வைக்காதீங்க, வயிறு வலிக்குது" என்றார். மருந்து கொண்டுவந்த நர்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. தட்டை வைத்துவிட்டு, "அந்தத் துணி எங்க கிடைக்கும்? யார் தைக்கிறாங்க?" என்று கேட்டார். இந்த ஆஸ்பத்திரியிலும் தீக்காய வார்டு உண்டாம். இங்கேயும் சும்மாதான் வீட்டுக்கு அனுப்புகிறார்களாம். உன் முகவரி கொடுத்திருக்கிறேன். தப்பில்லையே?

பாப்பா கூப்பிடுகிறாள். கூப்பிடுவது என்பது மரியாதைக்குச் சொல்வது.

தம்பி


ஜூலை 18

அன்புத் தம்பிக்கு,

பாப்பா சுகமா? பெற்றவள் சுகமா? முட்டி ஆறியதா? இங்கே நான் சுகம்.

படுக்கைவிரிப்பு அறைக்கு ஜன்னல் இருக்கிறது. அது போதும் என்று நினைத்தோம், ஆள்தான் போதவில்லை. வாயாடி தெருத்தெருவாகச் சொல்லிவிட்டாள். அவளை விளம்பரத்துக்கு வைத்துக்கொண்டால் எந்தச் சரக்கும் விற்றுப்போகும். கம்பெனி மூடியபிறகு வேலை இல்லாமல் இருந்தவர்கள் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். "எங்ககிட்ட குடுக்க ஒண்ணும் இல்லக்கா. கை இருக்கு, மத்தியானத்துல நேரம் இருக்கு" என்று வாசலிலேயே நின்றார்கள். உள்ளே வந்து உட்காருங்கள் என்றேன். எலாஸ்டிக் பிடிப்பவள், கொக்கி வைப்பவள், ஓரம் மடிப்பவள். எங்கள் பழைய வரிசை அப்படியே அமைந்துவிட்டது. குணமாகி வீட்டுக்குப் போன ஒரு பேருந்து ஓட்டுநர், வேறு தெரியாது என்று துவைத்துக் காயப்போட வருகிறார். தழும்பு ஏறின கையால் அவர் பிழியும்போது நெட்டை ஓரக்கண்ணால் பார்த்துச் சிரிக்கிறார். அதைவிட நல்ல பயிற்சி அவரிடமும் இல்லையாம்.

முதலாளி கம்பெனியை மறுபடி திறந்துவிட்டார். மேற்பார்வைக்கு வா என்று ஆள் அனுப்பினார். காலையில் வருகிறேன், மத்தியானம் ஆஸ்பத்திரி என்றேன். ஒத்துக்கொண்டார். புதுக் குழாய்களை வந்து நீயே பார் என்று கூட்டிப்போய்க் காட்டினார். ஒவ்வொரு குழாய் இணைப்பையும் தொட்டுப் பார்த்த பிறகுதான் மற்றவர்களை உள்ளே விட்டேன்.

இன்னொன்று. போன வியாழன் வாயாடிக்கு ஜுரம். ஒரு சமையற்காரருக்கு இரண்டு கைக்கும் அவசரம். வெட்ட ஆளில்லை. பெரிய கத்தரியை வலது கையில் எடுத்தேன். விரல் வளையத்துக்குள் போக அடம் பிடித்தது, போனது. முதல் வெட்டு நடுங்கியது. அதற்குப் பிறகு கத்தரி என்னை இழுத்துக்கொண்டு போனது, பழைய சத்தத்தோடு. வெட்டி முடித்துத் துணியைக் கோட்டோடு வைத்துப் பார்த்தேன். ஒரு நூல் பிசகவில்லை. எலாஸ்டிக் பிடிப்பவள் என்னைப் பார்த்தாள், பார்க்காதது போலத் திரும்பிக்கொண்டாள். நானும் அடுத்த கைக்குத் துணியை விரித்தேன். உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

பாப்பாவுக்குச் சட்டை அனுப்பியிருக்கிறேன். ஒரு வயதுக்கு ஆகும், வளரட்டும்.

அக்கா


செப்டம்பர் 2

அன்புத் தம்பிக்கு,

உன் பதில் வராமலே மறுபடி எழுதுகிறேன். பாப்பா உனக்குப் பேனா பிடிக்க விடுகிறாளா என்ன! மூவரும் சுகமாக இருப்பீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன்.

இன்று குருவி பள்ளிக்கூடத்துக்குப் போனாள். போகிற வழியில் ஆஸ்பத்திரிக்கு வந்து, நேராக நிமிர்ந்து ஒரு சுற்று நடந்து காட்டிவிட்டுப் போனாள். நெட்டை வாசலில் குனிய மறந்து நெற்றியில் இடித்துக்கொண்டார்.

அவள் போன கையோடு ஓர் அம்மாள் வந்தார். கையில் பெட்டி, முகத்தில் ரயில் புழுதி. உங்கள் ஊர் ஆஸ்பத்திரி நர்ஸ். நீ முகவரி கொடுத்தாயே, அவர்தான். விடுப்பு எடுத்துக்கொண்டு, கற்றுக்கொண்டு போகத் தானாகவே கிளம்பி வந்திருக்கிறார். அங்கே தைக்கத் தெரிந்த பெண்கள் சிலர் தயாராக இருக்கிறார்களாம், சொல்லிக்கொடுக்க ஆளில்லையாம். வாசலில் நின்று எங்கள் அறையைப் பார்த்தார். இயந்திரங்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. வாயாடி பேசிக்கொண்டிருந்தாள். கம்பியில் காய்கிற கையுறைகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. நான் ஒரு தீயணைப்பு வீரரின் முதுகுத் துணியை மேசையில் போட்டு ஊசி குத்திக்கொண்டிருந்தேன்.

"இங்க ஹெட் யாரு?" என்று கேட்டார்.

நான் நெட்டையைக் காட்டலாம் என்று திரும்பினேன். அவர் என்னைக் காட்டிக்கொண்டிருந்தார். வாயாடியும். எலாஸ்டிக் பிடிப்பவள், கொக்கி வைப்பவள், ஓரம் மடிப்பவள், வெளியே துணி பிழிந்துகொண்டிருந்த ஓட்டுநர், எல்லோருடைய கையும் என் பக்கம். சில கைகள் முழுக்க நீளவில்லை. இருந்தாலும் நீட்டியிருந்தார்கள்.

அப்படியெல்லாம் இல்லை, நான் வெறும் தையல்காரி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வாய் நிறைய குண்டூசி. அந்த அம்மாள் அதற்குள், "சரிங்க மேடம், எங்கேர்ந்து தொடங்கலாம்?" என்று கேட்டுக்கொண்டே சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிவிட்டார்.

பாப்பாவுக்கு என் முத்தம். உன் வீட்டுக்காரிக்கு என் அன்பு. அந்த அம்மாள் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு காத்திருக்கிறார். எழுந்து போகிறேன்.

உன் அக்கா